பீச்சில் பொறுக்கிய சங்கு ஆணா, பெண்ணா? பெண் நத்தைக்கு ஆண் உறுப்பை வளர வைத்த கப்பல் பெயின்ட்... கடலில் நடந்தது என்ன?

சென்னை பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் இந்தக் காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். அலை ஒதுக்கிய சங்கையும் சிப்பியையும் பொறுக்கி, இரண்டு கையும் நிறைய அள்ளிக்கொண்டு ஓடிவரும் குழந்தைகள். அதில் ஒரு குழந்தை திடீரென்று, "அம்மா, இது ஆணா, பெண்ணா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

சிரித்துவிட்டு நகர்ந்துவிடத் தோன்றும். ஆனால் இதே கேள்விக்குப் பதில் தேடிப் போன விஞ்ஞானிகள்தான், உலகம் முழுக்க துறைமுகங்களில் கலந்துகொண்டிருந்த ஒரு விஷத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கதையில் நம்ம தூத்துக்குடிக்கும் ஒரு இடம் உண்டு.

கடல் நத்தை ஆணாவதும் பெண்ணாவதும் எப்படி? அதற்கும் குரோமோசோமுக்கும் என்ன தொடர்பு? கப்பலுக்கு அடித்த பெயின்ட் எப்படி உள்ளே புகுந்தது? பார்க்கலாம்.

ஓட்டைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

முதலில் ஒரு விஷயம். நாம் சங்கு, சோழி என்று சொல்வதெல்லாம் கடல் நத்தைகளின் ஓடுதான். உள்ளே இருந்த நத்தை இறந்த பிறகு, ஓடு மட்டும் கரைக்கு வந்து சேர்கிறது.

மயிலாப்பூர் மாட வீதிகளில் பூஜைப் பொருள் கடையில் விற்கும் சங்கும், கார்த்திகை திங்கட்கிழமைகளில் சிவன் கோயில்களில் சங்காபிஷேகத்துக்கு வரிசையாக அடுக்கும் சங்கும் அப்படித்தான். மன்னார் வளைகுடாப் பகுதியில் மூழ்கி எடுக்கப்படும் இந்தச் சங்கின் அறிவியல் பெயர் 'டர்பினெல்லா பைரம்'. இதைப் பற்றி 1914-லேயே ஒரு தனிப் புத்தகம் வந்தது. அதை எழுதியவர் ஜேம்ஸ் ஹார்னெல், அன்றைய சென்னை மாகாண மீன்வளத் துறை அதிகாரி.

இந்தச் சங்கில் ஆண் தனி, பெண் தனி. ஆனால் காலியான ஓட்டை மட்டும் வைத்துக்கொண்டு எது என்று சொல்ல முடியாது. பெரும்பாலான கடல் நத்தைகளுக்கும் இதே நிலைமைதான். சில இனங்களில் பெண் கொஞ்சம் பெரிதாக வளரும். அதுவும் உறுதியான அடையாளம் இல்லை.

வலம்புரியா, இடம்புரியா என்பது ஓடு எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்பதைக் குறிக்கும். பாலினத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

உயிருள்ள நத்தையில் பார்த்தால் தெரியும். ஆண் நத்தையின் தலையில், வலது உணர்கொம்புக்குப் பின்னால் ஆண் உறுப்பு இருக்கும். பெண்ணுக்கு அது இருக்காது. இந்த அடையாளத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் திருப்பமே இங்கேதான் வரப்போகிறது.

மனிதருக்கு ஒரு விதி... கோழிக்கு வேற விதி!

பள்ளிக்கூடத்தில் படித்ததைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோம். மனிதர்களில் பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம். ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். அப்பாவிடமிருந்து எது வருகிறதோ அதுதான் முடிவு. ஒய் குரோமோசோமில் இந்த வேலையைத் தொடங்கி வைக்கும் 'எஸ்.ஆர்.ஒய்' என்ற மரபணு 1990-ல் அடையாளம் காணப்பட்டது.

கோழியிடம் போனால் எல்லாம் தலைகீழ். அங்கே சேவலுக்கு ஒரே மாதிரி இரண்டு இசட். பெட்டைக்குத்தான் இசட், டபிள்யூ என்று கலப்பு. அதாவது குஞ்சு ஆணா பெண்ணா என்பது தாய்க்கோழியின் முட்டையில் முடிவாகிறது.

வெட்டுக்கிளி இன்னும் சிக்கனம். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஒரே ஒரு எக்ஸ். ஜோடி என்று எதுவும் இல்லை. இதை 'எக்ஸ்-ஓ' முறை என்பார்கள். 'ஓ' என்றால் அங்கே ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

இந்த மூன்றிலும் பொதுவான ஒன்று உண்டு. கரு உருவாகும்போதே பாலினம் எழுதப்பட்டுவிடுகிறது.

அதே பீச்சில் ஆமைக்கு குரோமோசோமே வேண்டாம்

ஆனால் குரோமோசோம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்யும் என்று நினைத்தால், அதற்கு மறுப்பு எலியட்ஸ் பீச் மணலிலேயே புதைந்து கிடக்கிறது.

ஆண்டுதோறும் ஜனவரியை ஒட்டி பங்குனி ஆமைகள் எனப்படும் ஆலிவ் ரிட்லி ஆமைகள் சென்னைக் கரைக்கு முட்டையிட வருகின்றன. நீலாங்கரையில் இருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரி முழுக்க நடந்து, அந்த முட்டைகளைப் பத்திரமாக எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கும் மாணவர்களைப் பற்றிச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். 1988 முதல் அந்த நடை தொடர்கிறது.

அந்த முட்டைக்குள் இருக்கும் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது மணலின் சூடு. சுமார் 29, 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் இரண்டும் கலந்து வரும். அதைவிடச் சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகம். குளிர்ந்தால் ஆண் குஞ்சுகள் அதிகம்.

ஆக, ஒரே கடற்கரையில் நடந்து போகும் மனிதருக்கு குரோமோசோம், மணலுக்கு அடியில் இருக்கும் ஆமைக்கு வெப்பம். அப்படியானால் தண்ணீரில் இருக்கும் நத்தைக்கு?

நத்தைகளின் விதி: 'ஒரே விதி கிடையாது'

இதுதான் விஞ்ஞானிகளையே திணற வைத்த விஷயம். கடல் நத்தைகள் மொத்தத்துக்கும் பொதுவான ஒரு முறை இல்லை. நான்கு உதாரணங்கள் போதும்.

முதல் உதாரணம், நெரிட்டா. பாறை இடுக்குகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் உருண்டையான சின்ன நத்தை. நம்ம கரையோரப் பாறைகளிலும் இந்தக் குடும்ப நத்தைகளைப் பார்க்கலாம். இவற்றில் பல இனங்களில் வெட்டுக்கிளி மாதிரி எக்ஸ்-ஓ முறை. ஆணின் செல்லில் பெண்ணைவிட ஒரு குரோமோசோம் குறைவாக இருக்கும். மைக்ரோஸ்கோப்பில் எண்ணிப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

இரண்டாவது, செருப்பு நத்தை. அட்லாண்டிக் கரையைச் சேர்ந்த 'கிரெபிடுலா' என்ற நத்தை இது. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அடுக்கி வைத்த தோசை மாதிரி வாழும். அடியில் இருக்கும் பெரியது பெண். மேலே இருக்கும் சின்னவை ஆண். அடியில் இருக்கும் பெண் இறந்துவிட்டால், அடுத்து இருக்கும் ஆண் மெல்லப் பெண்ணாக மாறும். இங்கே பிறவியில் எழுதிய விதியைவிட, அடுக்கில் எந்த இடம் என்பதுதான் முக்கியம்.

பனாமாவில் உள்ள ஸ்மித்சோனியன் ஆய்வு மையத்தில் இதே குடும்பத்து நத்தை ஒன்றை வைத்து 2015-ல் ஒரு சோதனை நடந்தது. இரண்டு ஆண் நத்தைகள் ஒரே தண்ணீரில் இருந்தால் மட்டும் போதாது, ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு இருந்தால்தான் பெரிய நத்தை சீக்கிரம் பெண்ணாக மாறுகிறது என்பது அதில் தெரியவந்தது.

மூன்றாவது, கடல் முயல். ஓடு வெளியே தெரியாத, கொழகொழவென்று இருக்கும் நத்தை. இதில் ஆண், பெண் என்ற பிரிவே கிடையாது. ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் ஆணாகவும் இருக்கும், பெண்ணாகவும் இருக்கும்.

நான்காவது உதாரணம்தான் ரொம்ப ஆச்சரியம்.

ரங்கநாதன் தெரு அகலத்தில் மாறிப்போகும் விதி

ஸ்வீடன் நாட்டுக் கரையில் 'லிட்டோரினா சாக்ஸாடிலிஸ்' என்று ஒரு நத்தை. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். இதில் இரண்டு வகை உண்டு. நண்டு அதிகம் இருக்கும் கற்களுக்கு நடுவே வாழ்வது ஒன்று. நண்டு உடைக்க முடியாதபடி இதன் ஓடு தடிமனாக இருக்கும். அலை வந்து மோதும் பாறையில் வாழ்வது இன்னொன்று. அலை அடித்துக்கொண்டு போகாதபடி இது சின்னதாக, மெல்லிய ஓட்டோடு இருக்கும். இரண்டும் ஒரே இனம்தான். சந்திக்கும் இடத்தில் கலந்து குட்டியும் போடுகின்றன.

இந்த நத்தையின் மரபணுக்களை ஆராய்ந்து 2022-ல் ஒரு முடிவு வெளியானது. ஒரு வகையில் கோழி மாதிரி, பெண்ணிடம் மட்டும் ஜோடி மாறியிருக்கும் பால் குரோமோசோம் முறைக்கான அடையாளம் கிடைத்தது. இன்னொரு வகையிலும் அதே குரோமோசோம் பகுதி இருக்கிறது. ஆனால் அங்கே அதற்கும் பாலினத்துக்கும் தொடர்பே தெரியவில்லை.

இத்தனைக்கும் இரண்டு வகையும் மாறும் எல்லை சில மீட்டர் அகலம்தான். தி.நகர் ரங்கநாதன் தெருவில் இந்தப் பக்கத்துக் கடையில் ஒரு சட்டம், எதிர்க்கடையில் வேறு சட்டம் என்று சொல்வது மாதிரி இருக்கிறது இது.

இதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது, குரோமோசோமின் ஒரு துண்டு அப்படியே தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொள்வது. அப்படித் திரும்பிய பகுதியில் இருக்கும் மரபணுக்கள் பிரியாமல், ஒரு கட்டாக அடுத்த தலைமுறைக்குப் போகும். அந்தக் கட்டுக்குள் பாலினத்தை முடிவு செய்யும் மரபணுவும் மாட்டிக்கொண்டால், காலப்போக்கில் அது ஒரு பால் குரோமோசோமாகவே மாறலாம். அதாவது ஒரு புதிய பால் குரோமோசோம் உருவாகும் தொடக்கக் கட்டத்தை ஆய்வாளர்கள் இங்கே நேரில் பார்க்கிறார்கள்.

இவ்வளவு நாள் ஏன் தெரியவில்லை?

நியாயமான கேள்வி. மனிதரில் எக்ஸ் பெரிசு, ஒய் குட்டி. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாலே தெரியும். நெரிட்டா மாதிரி சிலவற்றை விட்டால், பெரும்பாலான கடல் நத்தைகளில் ஆண், பெண் இரண்டின் குரோமோசோம்களும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும்.

போதாததற்கு, எண்ணிக்கையே மாறுவதும் உண்டு. ஐரோப்பியக் கரைகளில் வாழும் 'நியூசெல்லா லாபில்லஸ்' என்ற வேட்டை நத்தையில், ஒரே இனத்துக்குள்ளேயே குரோமோசோம் எண்ணிக்கை 26-ல் இருந்து 36 வரை மாறுகிறது. சில இடங்களில் இரண்டு குரோமோசோம்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டு ஒன்றாக இருப்பதே காரணம். மரபணு வரிசையை முழுசாகப் படிக்கும் வசதி வந்த பிறகுதான், கண்ணுக்குத் தெரியாத வித்தியாசங்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன.

இந்த 'நியூசெல்லா' பெயரை மறக்க வேண்டாம். அடுத்து வரும் கதையின் நாயகி அதுதான்.

1970: பெண் நத்தையில் ஆண் உறுப்பு

இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகப் பகுதி. 1970-ல் அங்கே நியூசெல்லாவைப் பரிசோதித்த ஆய்வாளர் ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்தார். முட்டையிட்டு முடித்த பெண் நத்தைகளின் வலது உணர்கொம்புக்குப் பின்னால், ஆண் உறுப்பு போன்ற ஒரு வளர்ச்சி.

அடுத்த ஆண்டே, 1971-ல், அமெரிக்கக் கரையில் வேறொரு சேற்று நத்தையில் அதே மாதிரி பார்த்தார் ஸ்மித் என்ற ஆய்வாளர். பெண்ணின் மேல் ஆண் உறுப்பு 'திணிக்கப்பட்டது' போல இருந்ததால் அதற்கு 'இம்போசெக்ஸ்' என்று பெயர் வைத்தார்.

இது செருப்பு நத்தை மாதிரி இயற்கையாகப் பாலினம் மாறுவது இல்லை. அந்த நத்தையிடம் பெண்ணுக்கான எல்லா உறுப்பும் அப்படியே இருக்கிறது. மரபணுப்படியும் அது பெண்தான். அதற்கு மேல் ஆண் உறுப்பும் விந்துக் குழாயும் கூடுதலாக முளைத்திருக்கின்றன.

எதனால்? ஸ்மித் ஒன்றைக் கவனித்தார். படகுகள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நத்தைகளில்தான் இது அதிகம். சுத்தமான இடத்து நத்தைகளைப் படகுத்துறைக்கு மாற்றிப் பார்த்தார். அவற்றிலும் அது முளைத்தது. 1981-ல் விடை கிடைத்தது. குற்றவாளி படகின் அடியில் அடிக்கும் பெயின்ட்.

அந்த பெயின்டில் அப்படி என்ன இருந்தது?

ஊரூர் குப்பத்தில் கரையில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் போட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் தெரியும். கொட்டலசு, பாசி, சின்னச் சின்ன சிப்பி எல்லாம் ஒட்டி வளரும். பெரிய கப்பலில் இது இன்னும் பெரிய தலைவலி. அடிப்பகுதி சொரசொரப்பானால் கப்பல் வேகம் குறையும், எரிபொருள் செலவு கூடும்.

அதைத் தடுக்க 1960-களில் இருந்து பயன்பாட்டுக்கு வந்தது 'டிரைபியூட்டைல் டின்'. சுருக்கமாக டி.பி.டி. வெள்ளீயத்தை அடிப்படையாகக் கொண்ட ரசாயனம். பெயின்டில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, ஒட்ட வரும் உயிர்களைக் கொல்லும். கப்பல் நிறுவனங்களைப் பொறுத்தவரை அற்புதமான கண்டுபிடிப்பு. ஆனால் கசிந்தது கப்பலோடு நிற்கவில்லை.

ஒரு லிட்டர் கடல் நீரில் ஒரு நானோகிராம் அளவு டி.பி.டி. இருந்தாலே நியூசெல்லாவில் இம்போசெக்ஸ் தொடங்கிவிடும். அது எவ்வளவு சின்ன அளவு? சென்னையில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் ஐந்தை வரிசையாக நிறுத்துங்கள். சமையல் தூள் உப்பில் ஒரே ஒரு துகளை எடுத்து, அந்த ஐந்து லாரித் தண்ணீரிலும் கரையுங்கள். ஏறக்குறைய அவ்வளவுதான்.

குரோமோசோமை எப்படி மீறியது?

ஜப்பான் ஆய்வாளர்கள் 2004-ல் இதற்கு முக்கியமான விளக்கம் கொடுத்தார்கள். செல்லுக்குள் மரபணுக்களை 'ஆன்' செய்யும் சுவிட்சுகள் உண்டு. அதில் ஒன்றின் பெயர் 'ஆர்.எக்ஸ்.ஆர்'. வைட்டமின் ஏ-வில் இருந்து உருவாகும் ஒரு பொருள் அந்தச் சுவிட்சில் போய் உட்கார்ந்தால், அது இயங்கும். டி.பி.டி.யும் அதே சுவிட்சில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துவிடுகிறது. கள்ளச்சாவி மாதிரி.

அவர்கள் டி.பி.டி.யே இல்லாமல், அந்த வைட்டமின் ஏ வகைப் பொருளை மட்டும் பெண் நத்தைகளுக்கு ஊசி மூலம் செலுத்தினார்கள். அப்போதும் ஆண் உறுப்பு முளைத்தது. அதாவது ஆண் உறுப்பை உருவாக்கும் செயல்திட்டம் பெண் நத்தையின் செல்லிலும் இருக்கிறது. சாதாரணமாக அது தூங்கிக்கொண்டிருக்கும். கள்ளச்சாவி வந்து அதை எழுப்பிவிட்டது.

குரோமோசோம் ஒரு எழுத்து கூட மாறவில்லை. ஆனால் உடல் வேறு மாதிரி வளர்ந்துவிட்டது.

இதனால் என்ன ஆகும்? ஒரு இனமே காலியாகும்

ஒரு உறுப்பு கூடுதலாக வளர்ந்தால் என்ன என்று தோன்றலாம். நியூசெல்லாவில் புதிதாக வளரும் விந்துக் குழாய், முட்டை வெளியே வரும் வழியை அடைத்துவிடுகிறது. முட்டை உறைகள் உள்ளேயே தேங்கும். கடைசியில் அந்தப் பெண் நத்தை இறந்துபோகும்.

இந்த நத்தையின் குஞ்சுகள் நீந்திப் போகும் வகையும் இல்லை. முட்டை உறையில் இருந்து வெளியே வந்து, அதே பாறையில் ஊர்ந்து வாழும். அதனால் ஒரு பாறையில் இருந்த கூட்டம் அழிந்தால், வேறு இடத்தில் இருந்து அவ்வளவு சீக்கிரம் ஆள் வராது. 1980-களில் தெற்கு இங்கிலாந்தில் பல துறைமுகங்களை ஒட்டிய பாறைகளில் இந்த நத்தை இல்லாமலே போனது இப்படித்தான்.

இதில் ஒரு வியப்பான விதிவிலக்கு. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் டம்ப்டன் கேப் என்ற கரையில் மட்டும் நியூசெல்லா தப்பிப் பிழைத்தது. அங்கே சில ஆண் நத்தைகளுக்குப் பிறவியிலேயே ஆண் உறுப்பு வளராத அல்லது சரியாக வளராத மரபணுக் குறை இருந்தது. ஆணுக்கு அது நஷ்டம். ஆனால் அதே மரபணு இருந்த பெண் நத்தைகளுக்கு டி.பி.டி. பட்டும் ஆண் உறுப்பு முளைக்கவில்லை. அவை முட்டையிட்டன. மற்ற இடங்களில் குறையாக இருந்தது, விஷம் கலந்த கடலில் உயிர் காத்தது.

தமிழ்நாட்டில் நடந்தது என்ன?

இது ஏதோ வெளிநாட்டுப் பிரச்னை என்று ஒதுக்கிவிட முடியாது.

இந்தியக் கடலில் இம்போசெக்ஸ் பற்றிய பதிவு 1999-ல் வெளியானது. கோவாவில் உள்ள தேசிய கடலியல் நிறுவன ஆய்வாளர்கள், முள்சங்கு குடும்பத்தைச் சேர்ந்த 'குரோனியா கொங்கணென்சிஸ்' என்ற நத்தையில் இதைக் கண்டார்கள். 2002-ல் குஜராத் கரையில் இருந்து ஒரு பதிவு வந்தது.

அதே 2002-ல் தமிழ்நாட்டில் இருந்தும் வந்தது. தூத்துக்குடி துறைமுகப் பகுதியில் 'தாயிஸ்' வகைப் பாறை நத்தையில் இம்போசெக்ஸ் இருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். முத்துக்கும் சங்குக்கும் பேர்போன கடல் அது. சங்குகுளித்துப் பிழைத்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர் அது.

உலக அளவில் இதுவரை 200-க்கும் மேற்பட்ட நத்தை இனங்களில் இம்போசெக்ஸ் பதிவாகி இருக்கிறது.

தடை போட்டார்கள்... பலன் கிடைத்ததா?

கிடைத்தது. இதுதான் இந்தக் கதையின் நல்ல செய்தி.

முதலில் விழித்துக்கொண்டது பிரான்ஸ். அங்கே அர்காஷோன் வளைகுடாவில் சிப்பி வளர்ப்புத் தொழிலே படுத்துவிட்டது. சிப்பிக் குஞ்சுகள் பிழைக்கவில்லை. 1982-ல் 25 மீட்டருக்குக் குறைவான படகுகளுக்கு டி.பி.டி. பெயின்டுக்குத் தடை வந்தது. பிரிட்டன் 1987-ல் அதே வழிக்கு வந்தது.

பெரிய கப்பல்களுக்கான தடைக்கு இன்னும் 20 ஆண்டுகள் ஆனது. சர்வதேச கடல்சார் அமைப்பு 2001 அக்டோபரில் ஒப்பந்தம் கொண்டுவந்தது. அது 2008 செப்டம்பர் 17-ல் நடைமுறைக்கு வந்தது.

அதன் பிறகு பிரிட்டன் உள்படப் பல நாடுகளின் கரைகளில் பெண் நத்தைகள் மீண்டும் முட்டையிடத் தொடங்கின. காலியான பாறைகளுக்கு நியூசெல்லா திரும்பி வந்தது. முதல் நத்தையில் பார்த்தது 1970, முழுத் தடை 2008. நடுவில் 38 ஆண்டுகள்.

ஆனால் முழுசாக முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. தண்ணீரில் டி.பி.டி. சில நாட்களில், வாரங்களில் சிதைந்துவிடும். துறைமுகத்தின் அடிச்சேற்றில் படிந்தது அப்படி இல்லை. பல ஆண்டுகள் அங்கேயே கிடக்கும். துறைமுகத்தை ஆழப்படுத்தச் சேற்றை வாரும்போது மறுபடியும் கிளம்பும். டி.பி.டி.க்குப் பதிலாக வந்த ரசாயனங்களிலும் சிக்கல் உண்டு. அதில் ஒன்றான 'சைபுட்ரைன்' 2023 ஜனவரி 1 முதல் தடைப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

மீன், நண்டு சாப்பிடுகிறோமே... நமக்கு ஏதாவது ஆகுமா?

நத்தைக்கு வந்த இம்போசெக்ஸ் மனிதருக்கு வராது. அந்தப் பயம் வேண்டாம்.

ஆனால் டி.பி.டி. மனிதருக்கும் நல்லது இல்லை. நோய் எதிர்ப்பு சக்தியைப் பாதிக்கும் என்ற அடிப்படையில், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2004-ல் ஒரு வரம்பு வைத்தது. உடல் எடை ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.25 மைக்ரோகிராம். டி.பி.டி. உள்ளிட்ட இந்த வகை வெள்ளீய ரசாயனங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்த அளவு. துறைமுகச் சேற்றுக்குள் வாழும் சிப்பி, நத்தையைவிட, திறந்த கடலில் பிடிக்கும் மீனில் இது பொதுவாகக் குறைவு.

சென்னைக்கு இதில் என்ன பாடம்?

சென்னையின் வட பக்கம் சென்னைத் துறைமுகம், காசிமேடு, எண்ணூர் காமராஜர் துறைமுகம். தென் பக்கம் பட்டினப்பாக்கம், அடையாறு முகத்துவாரம், பெசன்ட் நகர். நடுவில் சாந்தோம் நெடுஞ்சாலையில், இந்திய விலங்கியல் ஆய்வு மையத்தின் கடல் உயிரியல் மையமும், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் சென்னை மையமும் இருக்கின்றன. கப்பல், மீன், ஆய்வுக்கூடம் மூன்றும் ஒரே கரையில்.

நானோகிராம் அளவு விஷத்தைத் தண்ணீரில் அளக்க விலை உயர்ந்த கருவி வேண்டும். அதுவும் அந்த நேரத்தில் எடுத்த தண்ணீரைப் பற்றித்தான் சொல்லும். ஆனால் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெண் நத்தை, மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அந்த இடத்துத் தண்ணீர் எப்படி இருந்தது என்பதைத் தன் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கும். பெண்களில் எத்தனை நத்தைக்கு ஆண் உறுப்பு முளைத்திருக்கிறது என்று எண்ணினால், தண்ணீரின் நிலைமை தெரிந்துவிடும். ஓட்டை உடைக்க ஒரு பிடிப்புக் கருவி, பார்ப்பதற்கு ஒரு மைக்ரோஸ்கோப். கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யலாம்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கரையில் உயிருள்ள நத்தைகள் இருக்க வேண்டும். அதனால் அடுத்த முறை பீச்சுக்குப் போகும்போது ஒரு விஷயம் பாருங்கள். பொறுக்கும் சங்குக்குள் நத்தையோ, குடியேறிய துறவி நண்டோ இருந்தால் அதை அங்கேயே தண்ணீர் ஓரத்தில் விட்டுவிடலாம். காலி ஓட்டை மட்டும் குழந்தை எடுத்துக்கொள்ளட்டும்.

அப்போது "இது ஆணா, பெண்ணா?" என்று கேட்டால் என்ன சொல்வது? "ஓட்டைப் பார்த்துச் சொல்ல முடியாதும்மா. சிலதுக்கு குரோமோசோம் முடிவு பண்ணும், சிலதுக்குப் பக்கத்தில் யார் இருக்காங்க என்பது முடிவு பண்ணும். நாம கடல்ல என்ன கலக்கிறோம் என்பதும் சேர்ந்து முடிவு பண்ணும்."